எல்எஸ்மாடில் டிரைவர் தெரிகிறது, சாதனம் ஓடவில்லை: லினக்ஸ் கெர்னலில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

லினக்ஸில் ஒரு சாதனம் வேலை செய்யாவிட்டால் பலரும் முதலில் தட்டுவது எல்எஸ்மாட், அதாவது கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் கட்டளை. டிரைவர்கள் பெரும்பாலும் இப்படித் தேவைக்கு ஏற்றும் மாட்யூல்களாகத்தான் இருக்கும். டிரைவரின் பெயர் அதில் இருக்கும். சரி, டிரைவர் பக்கம் கோளாறில்லை என்று நினைத்துக்கொண்டு கேபிளை மாற்றுவார்கள், பேக்கேஜை அழித்து மறுபடி போடுவார்கள், கடைசியில் உபுண்டுவையே ஃபார்மேட் செய்துவிடுவார்கள். எல்எஸ்மாட் சொல்வது அந்த மாட்யூல் நினைவகத்தில் ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான். அந்த மாட்யூல் உங்கள் சாதனத்தைக் கையில் எடுத்ததா என்பது வேறு கேள்வி. எடுத்த பிறகு அதை நாம் பயன்படுத்தும் வடிவில் வெளியே காட்டியதா என்பது மூன்றாவது கேள்வி. இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால் எதையும் அழித்துப் போட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

கெர்னலுக்குள் நடப்பது

2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலிலிருந்து லினக்ஸில் எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதில் நான்கு உருப்படிகள்: பஸ், சாதனம், டிரைவர், கிளாஸ். பஸ் என்பது சாதனம் எந்த வழியாக இணைந்திருக்கிறது என்பது. பிசிஐ, யுஎஸ்பி, ஐ2சி மாதிரி. கிளாஸ் என்பது பயனருக்கு அது என்னவாகத் தெரிகிறது என்பது. டிடிஒய், இன்புட், நெட், பிளாக் மாதிரி. பழைய பிஎஸ்2 மவுஸும் யுஎஸ்பி மவுஸும் வெவ்வேறு பஸ்ஸில் இருக்கும், ஆனால் இரண்டும் இன்புட் கிளாஸில்தான் வந்து சேரும்.

டிரைவர் ஏறியதும் தன் பஸ்ஸிடம் பதிவு செய்துகொள்கிறது. கூடவே, எந்தெந்த அடையாள எண் உள்ள சாதனங்களை நான் பார்த்துக்கொள்வேன் என்று ஒரு பட்டியலையும் கொடுக்கிறது. பஸ்தான் இங்கே கல்யாணத் தரகர்: ஒரு பக்கம் சாதனங்கள், மறுபக்கம் டிரைவர்கள், எண் பொருந்தினால் இரண்டையும் சேர்த்துவைக்கப் பார்க்கும். பொருத்தம் சரியானதும் டிரைவரின் ப்ரோப் என்ற செயல்கூறு அழைக்கப்படும். அது சாதனத்தை எழுப்பி, சோதித்து, எல்லாம் சரி என்று 0 திருப்பி அனுப்பினால்தான் இணைப்பு உறுதி. கிளாஸில் பதிவு செய்வதும், அதனால் /டெவ் அடைவில் கோப்பு வருவதும் பெரும்பாலும் இந்த ப்ரோப்பின் வேலைதான்.

இணைப்பு உறுதியானதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. சாதன விவரங்களைக் கெர்னல் கோப்புகளாகக் காட்டும் இடம் /சிஸ். அங்கே /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ் என்ற அடைவில் சாதனத்தின் முகவரிக்கு ஒரு அடைவு இருக்கும்; அதற்குள் டிரைவர் என்ற பெயரில் ஒரு லிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இணைந்துவிட்டது, இல்லையென்றால் இணையவில்லை. எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் தேடுவது இந்த லிங்க்கைத்தான்.

அறிகுறி: சாதனம் பட்டியலிலேயே இல்லை

பிசிஐ, யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யுஎஸ்பி கட்டளைகளில் சாதனம் வரவே இல்லை என்றால் டிரைவரைத் தொடாதீர்கள். இந்தப் பட்டியலில் வர டிரைவர் தேவையே இல்லை; பஸ் தானாகக் கண்டுபிடித்து எழுதுவது அது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி லாகில் டிஸ்கிரிப்டரை (சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் தகவல்) படிக்க முடியவில்லை என்ற வரியும் பக்கத்தில் -71 அல்லது -110 என்ற எண்ணும் இருந்தால், கேபிள், போர்ட், மின்சாரம் இவற்றில் ஒன்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். -71 என்பது பேச்சு குழறியது, -110 என்பது பதில் வரவே இல்லை. ஹப் வழியாகச் செருகியிருந்தால் நேராகச் செருகிப் பாருங்கள்.

ஐ2சி விஷயத்தில் மட்டும் கதை வேறு. பிசிஐயும் யுஎஸ்பியும் தன்னில் யார் இருக்கிறார்கள் என்று தானே கேட்டறியும். ஐ2சிக்கு அந்தத் திறன் கிடையாது. ஒரு சென்சார் அங்கே இருக்கிறது என்று யாராவது கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். ராஸ்ப்பெரி பை மாதிரியான பலகைகளில் டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரக் கோப்பு அதைச் சொல்கிறது. அதில் அந்தப் பகுதியின் நிலை டிசேபிள்ட் என்று இருந்தால், டிரைவர் எத்தனை முறை ஏற்றினாலும் சாதனம் பிறக்காது. ராஸ்ப்பெரி பையில் கான்ஃபிக் கோப்பில் ஐ2சியை ஆன் செய்துவிட்டு ரீபூட் செய்வதுதான் முதல் படி.

அறிகுறி: பட்டியலில் இருக்கிறது, டிரைவர் எடுக்கவில்லை

எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ஹைஃபன் என்என்கே சேர்த்துத் தட்டுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் கீழே இரண்டு வரிகள் வரலாம். ஒன்று, இப்போது பயன்பாட்டில் உள்ள டிரைவர். இன்னொன்று, இந்தச் சாதனத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் மாட்யூல்கள். இரண்டாவது வரி மட்டும் வந்து முதல் வரி இல்லையென்றால், மாட்யூல் வட்டில் இருக்கிறது, இணைப்பு நடக்கவில்லை. இரண்டுமே இல்லையென்றால், இந்த எண்ணை எந்த மாட்யூலும் தன் பட்டியலில் வைத்திருக்கவில்லை.

யுஎஸ்பிக்கு எல்எஸ்யுஎஸ்பி ஹைஃபன் டி. இதில் ஒரு நுணுக்கம்: யுஎஸ்பியில் நாம் போடும் டிரைவர்கள் பிடிப்பது முழுச் சாதனத்தை அல்ல, அதன் ஒவ்வொரு இன்டர்ஃபேஸையும். மைக் உள்ள ஒரு வெப்கேமில் படம் யுவிசிவீடியோ டிரைவரிடமும், ஒலி எஸ்என்டி-யுஎஸ்பி-ஆடியோ டிரைவரிடமும் போகும். படம் வந்து ஒலி வராமல் போனால் கேமரா கெட்டதாக அர்த்தமில்லை. இரண்டாவது இன்டர்ஃபேஸுக்கு எதிரே டிரைவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் இல்லாவிட்டால் அடுத்து மாட்அலியாஸ். சாதனத்தின் (யுஎஸ்பியில் அந்த இன்டர்ஃபேஸின்) சிஸ் அடைவுக்குள் அந்தப் பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கும். தயாரிப்பாளர் எண், பொருள் எண், கிளாஸ் எண் எல்லாவற்றையும் கோத்த ஒரு நீண்ட வரி அது. சாதனம் வந்ததும் கெர்னல் இந்த வரியை யுடெவ்விடம், அதாவது சாதனங்கள் வருவதைக் கவனிக்கும் பின்னணி நிரலிடம், வீசுகிறது. மாட்யூலை ஏற்றும் கட்டளையான மாட்ப்ரோப் செய்வது போலவே யுடெவ் அதை /லிப்/மாட்யூல்ஸ் அடைவில் உங்கள் கெர்னல் பதிப்புக்கு உரிய மாட்யூல்ஸ்.அலியாஸ் கோப்பில் தேடிச் சரியான மாட்யூலை ஏற்றுகிறது. அதே தேடலை நாமும் நடத்தலாம்: மாட்ப்ரோப் ஹைஃபன் பெரிய ஆர், பக்கத்தில் அந்த மாட்அலியாஸ் வரி. ஹைஃபன் பெரிய ஆர் எதையும் ஏற்றாது, எந்த மாட்யூல் பொருந்தும் என்று மட்டும் சொல்லும். மாட்யூலை நீங்களே தொகுத்து நகலெடுத்து வைத்திருந்தால், டெப்மாட் ஹைஃபன் ஏ ஓட்டும்வரை அலியாஸ் கோப்பில் அது சேராது.

எந்தப் பெயரும் வரவில்லை, ஆனால் உள்ளே இருப்பது தெரிந்த சிப்தான் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் ஒரு வழி உண்டு. எஃப்டிடிஐ சீரியல் சிப்பின் வழக்கமான எண் 0403:6001. சில கருவி தயாரிப்பாளர்கள் அதே சிப்பைத் தங்கள் சொந்த எண்ணோடு விற்பார்கள். டிரைவரின் பட்டியலில் அந்த எண் இருக்காது. அப்போது எஃப்டிடிஐ_எஸ்ஐஓ மாட்யூலை ஏற்றிவிட்டு, /சிஸ்/பஸ்/யுஎஸ்பி-சீரியல்/டிரைவர்ஸ்/எஃப்டிடிஐ_எஸ்ஐஓ/நியூ_ஐடி என்ற கோப்பில் உங்கள் சாதனத்தின் இரு எண்களையும் இடைவெளி விட்டு எழுதுங்கள். அந்த நொடியே பஸ் மறுபடி பொருத்தம் பார்க்கும். ரீபூட் செய்தால் போய்விடும் என்பதால் முதலில் சோதித்துவிட்டு அப்புறம் யுடெவ் விதியாக எழுதிவைக்கலாம். உள்ளே என்ன சிப் என்று தெரியாமல் ஊகத்தில் இதைச் செய்யாதீர்கள்.

மாட்யூல் பொருந்துகிறது, கையால் மாட்ப்ரோப் செய்தால் வேலையும் செய்கிறது, தானாக மட்டும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் பிளாக்லிஸ்ட் என்ற தடைப்பட்டியல்தான். /எட்சி/மாட்ப்ரோப்.டி, /லிப்/மாட்ப்ரோப்.டி இரண்டிலும் தேடுங்கள். பிளாக்லிஸ்ட் வரி தடுப்பது அலியாஸ் வழியாக ஏறுவதை மட்டும். பெயர் சொல்லி ஏற்றினால் தடுக்காது. வரியை நீக்கிய பிறகும் மாறவில்லையென்றால் பழைய நகல் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) இருக்கலாம்; அதை மறுபடி உருவாக்க வேண்டும். உபுண்டுவிலும் டெபியனிலும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஹைஃபன் யு, ஃபெடோராவில் டிராகட் ஹைஃபன் எஃப்.

அறிகுறி: ப்ரோப் தோற்றது என்ற வரி

டிமெஸ்ஜியில் ப்ரோப் தோற்றது என்ற செய்தி ஒரு எண்ணோடு வரும். அந்த எண்தான் உங்களுக்கு வேண்டிய தகவல். உதவி கேட்பவர்கள் பலரும் அதை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஒட்டுகிறார்கள்.

-2 என்றால் ஒரு கோப்பு இல்லை. வைஃபையில் இது பெரும்பாலும் ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள். மேலே ஒரு வரியில் எந்தக் கோப்பைத் தேடியது என்ற பெயரே இருக்கும். அது /லிப்/ஃபர்ம்வேர் அடைவில் இருக்க வேண்டும். டிரைவரை மறுபடி போட்டு இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் டிரைவர் ஒரு பேக்கேஜ், ஃபர்ம்வேர் இன்னொன்று. டெபியனில் 12ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2023 ஜூனிலிருந்து, இன்ஸ்டால் வட்டிலேயே இவற்றைச் சேர்த்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து தொடர்ந்து மேம்படுத்தி வந்த கணினிகளில் இந்தச் சிக்கல் இன்னும் வரும்.

-12 நினைவகம் கிடைக்கவில்லை, -16 வேறு யாரோ அந்த வளத்தைப் பிடித்திருக்கிறார்கள், -22 கொடுத்த மதிப்பு தவறு. இவை மூன்றும் லாகில் தெளிவாக வந்துவிடும்.

கவனம் தேவைப்படுவது -19, -6 இரண்டுக்கும். ப்ரோப் இவற்றைத் திருப்பினால், எண் பொருந்தியது, ஆனால் சாதனம் எனக்குரியது அல்ல என்று டிரைவர் சொல்வதாகக் கெர்னல் எடுத்துக்கொண்டு வழக்கமான லாகில் எதையும் எழுதாது. ஒரு பிழையும் இல்லை, டிரைவர் லிங்க்கும் இல்லை என்ற நிலை வந்தால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். டைனமிக் டீபக் என்ற கெர்னல் வசதியால் அந்த டிரைவரின் செய்திகளை ஆன் செய்துவிட்டு, சாதனத்தின் பெயரை டிரைவர் அடைவிலுள்ள பைண்ட் என்ற கோப்பில் எழுதிப் பாருங்கள். அப்படி எழுதுவது தோற்றால் பிழை உங்கள் டெர்மினலிலேயே வந்து நிற்கும்.

-517 தனி ரகம். இது தோல்வி அல்ல, தள்ளிப்போடுதல். எனக்குத் தேவையான கிளாக்கோ ரெகுலேட்டரோ ஜிபிஐஓவோ இன்னும் பதிவாகவில்லை, அப்புறம் கூப்பிடுங்கள் என்று டிரைவர் சொல்கிறது. 2012இல் வந்த 3.4 கெர்னலிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. வேறு ஏதாவது ஒரு டிரைவர் வெற்றிகரமாக இணையும்போதெல்லாம் காத்திருப்பவர்களைக் கெர்னல் மறுபடி கூப்பிடும். ஆகவே லாகில் இது வந்துபோனால் கவலை வேண்டாம். கடைசிவரை நின்றால்தான் சிக்கல். டீபக்எஃப்எஸ் (பிழை தேடுவதற்கான கெர்னல் கோப்பமைப்பு) ஏற்றப்பட்டிருந்தால் /சிஸ்/கெர்னல்/டீபக்/டிவைசஸ்_டெஃபர்ட் என்ற கோப்பில் காத்திருப்போர் பட்டியல் இருக்கும். புதிய கெர்னல்களில் பல சமயம் காரணமும் பக்கத்திலேயே இருக்கும். அங்கே தெரிவது உங்கள் திரையின் டிரைவராக இருந்தாலும், காணாமல் போனது பெரும்பாலும் கெர்னல் கான்ஃபிகில் விட்டுப்போன வேறொரு சிறு டிரைவர்தான். திரை டிரைவரைப் போட்டு நோண்டி நேரம் வீணாக்காதீர்கள்.

அறிகுறி: டிரைவர் இணைந்தது, /டெவ் அடைவில் கோப்பு இல்லை

முதலில், கோப்பு வர வேண்டுமா என்று கேளுங்கள். யூனிக்ஸ் மரபில் சாதனங்கள் மூன்று வகை. எழுத்து எழுத்தாக ஓடும் கேரக்டர் சாதனம், கட்டம் கட்டமாகப் படிக்கும் பிளாக் சாதனம், நெட்வொர்க் சாதனம். முதல் இரண்டுக்கும் /டெவ்வில் கோப்பு உண்டு. நெட்வொர்க் கார்டுக்குக் கிடையாது. அதை ஐபி லிங்க் கட்டளையிலோ /சிஸ்/கிளாஸ்/நெட் அடைவிலோதான் பார்க்க முடியும்.

எல்எஸ் ஹைஃபன் எல் போட்டால் வரியின் முதல் எழுத்து சி என்றால் கேரக்டர், பி என்றால் பிளாக். கோப்பின் அளவு வர வேண்டிய இடத்தில் இரண்டு எண்கள் வரும். முதலாவது மேஜர், எந்த டிரைவர் என்பது. இரண்டாவது மைனர், அந்த டிரைவரிடம் உள்ள எந்தச் சாதனம் என்பது. /டெவ்/நல் 1, 3. முதல் வட்டு எஸ்டிஏ 8, 0; அதன் முதல் பகுதி 8, 1; அடுத்த வட்டு எஸ்டிபி 8, 16. யுஎஸ்பி சீரியல் 188. 2.6க்கு முன்னால் மேஜருக்கும் மைனருக்கும் தலா 8 பிட்தான். இப்போது மேஜருக்கு 12, மைனருக்கு 20. இப்போது யார் எந்த மேஜரை வைத்திருக்கிறார்கள் என்பது /ப்ராக்/டிவைசஸ் கோப்பில் கேரக்டர், பிளாக் என்று இரு பகுதியாக இருக்கும்.

கோப்பு வர வேண்டிய சாதனம்தான் என்றால் /சிஸ்/கிளாஸ் அடைவில் அதன் கிளாஸுக்குள் போங்கள். சாதனத்தின் அடைவில் டெவ் என்ற சிறு கோப்பு இருந்து அதில் 188:0 மாதிரி எண் இருந்தால், டிரைவர் தன் வேலையை முடித்துவிட்டது; கோளாறு வெளியே, /டெவ் கோப்புகளை உருவாக்கும் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் அல்லது யுடெவ் பக்கம். சாதனத்தின் அடைவே இல்லையென்றால் கிளாஸில் பதிவு நடக்கவில்லை. ஐ2சியில் இது அடிக்கடி நடக்கும்: கன்ட்ரோலரின் டிரைவர் இணைந்திருக்கும், /டெவ்/ஐ2சி-1 இருக்காது, காரணம் அந்தக் கோப்பைக் கொடுப்பது ஐ2சி-டெவ் என்ற தனி மாட்யூல். அதை ஏற்றினால் போதும்.

அறிகுறி: டிடிஒய்யுஎஸ்பி0 வந்த உடனே மறைகிறது

அர்டுவினோ நானோ நகல்களையும் ஈஎஸ்பி பலகைகளையும் உபுண்டு 22.04இல் செருகிய மாணவர்கள் பலரை இது படுத்தியிருக்கிறது. டிமெஸ்ஜியில் வரிசை இப்படி இருக்கும்: சிஎச்341 டிரைவர் சாதனத்தை எடுக்கிறது, டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயர் கொடுக்கப்படுகிறது, ஓரிரு நொடியில், இன்டர்ஃபேஸ் 0 சிஎச்341 வசம் இருக்கும்போதே பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் சாதனத்தின் கான்ஃபிகை மாற்றுகிறது என்று யுஎஸ்பிஎஃப்எஸ் எச்சரிக்கிறது, அடுத்த வரியில் டிடிஒய்யுஎஸ்பி0 துண்டிக்கப்படுகிறது.

பிஆர்எல்டிடிஒய் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளுக்கான நிரல். அந்தத் திரைகளில் ஒன்று அர்டுவினோ நகல்களில் இருக்கும் அதே சிப்பை, 1ஏ86:7523 என்ற அதே எண்ணோடு பயன்படுத்துகிறது. எண்ணைப் பார்த்த யுடெவ் விதி உங்கள் பலகையை பிரெய்ல் திரை என்று எண்ணி அந்த நிரலை எழுப்பிவிடுகிறது. பொதுச் சிப்பின் எண்ணை வைத்துச் சாதனத்தை வகைப்படுத்தினால் வரும் விளைவு இது.

எல்லா இடத்திலும் கிடைக்கும் பதில் அந்தப் பேக்கேஜை அழித்துவிடுங்கள் என்பது. உங்கள் சொந்தக் கணினியில், பிரெய்ல் திரை யாரும் பயன்படுத்தாத இடத்தில், அது சரி. கல்லூரி லேபிலோ பொதுக் கணினியிலோ அப்படிச் செய்யாதீர்கள். பார்வையற்ற ஒருவர் அந்த இருக்கையில் உட்காரும் நாளில் அவருக்குத் திரையே கிடைக்காது. /லிப்/யுடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் உள்ள 85-பிஆர்எல்டிடிஒய்.ரூல்ஸ் கோப்பை அதே பெயரில் /எட்சி/யுடெவ்/ரூல்ஸ்.டி அடைவுக்கு நகலெடுத்து, அங்கே 1ஏ86, 7523 உள்ள ஒரு வரியை மட்டும் கமெண்ட் ஆக்குங்கள். எட்சியில் உள்ளதுதான் செல்லும், பேக்கேஜ் புதுப்பித்தாலும் கலையாது. பிறகு யுடெவ்ஏடிஎம் கன்ட்ரோல் ரீலோட் செய்து, பலகையைக் கழற்றிச் செருகினால் முடிந்தது.

அறிகுறி: தவறான டிரைவர் பிடித்துக்கொண்டது

இரண்டு டிரைவர்கள் ஒரே எண்ணைக் கேட்டால் யாருடைய ப்ரோப் முதலில் வெற்றி பெறுகிறதோ அவருக்கே சாதனம். அடுத்தவர் எத்தனை முறை பதிவானாலும் அதன் பக்கம் அழைக்கப்பட மாட்டார். எல்எஸ்மாடில் இரண்டு பெயரும் தெரிவதால்தான் குழப்பம். பழைய டிரைவரின் அன்பைண்ட் கோப்பில் சாதன முகவரியை எழுதிக் கழற்றிவிட்டு, புதியதன் பைண்ட் கோப்பில் எழுதுங்கள். பிசிஐயில் இன்னும் உறுதியான வழி டிரைவர்_ஓவர்ரைடு. அதில் எழுதிய பெயருள்ள டிரைவரைத் தவிர வேறு யாரும் அந்தச் சாதனத்தைத் தொட முடியாது. விர்ச்சுவல் மெஷினுக்கு கிராபிக்ஸ் கார்டைக் கொடுப்பவர்கள் விஎஃப்ஐஓ-பிசிஐயை இப்படித்தான் ஒட்டுகிறார்கள். திரை ஓடிக்கொண்டிருக்கும் கார்டையோ ரூட் வட்டு இருக்கும் கன்ட்ரோலரையோ இப்படிக் கழற்றாதீர்கள்.

மாடெம் டாங்கிள்கள் இதன் உறவுக்காரர்கள். செருகியதும் விண்டோஸ் மென்பொருள் அடங்கிய சிடியாகத் தன்னைக் காட்டும், யுஎஸ்பி-ஸ்டோரேஜ் எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பி_மோட்ஸ்விட்ச் ஒரு செய்தி அனுப்பிய பிறகே வேறு பொருள் எண்ணோடு மறுபடி பிறந்து மாடெம் ஆகும். எல்எஸ்யுஎஸ்பியில் எண் மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் மாடெம் டிரைவரைத் தேடுவதில் பயனில்லை.

அறிகுறி: கோப்பு இருக்கிறது, திறந்தால் அனுமதி மறுப்பு

இது கெர்னல் கோளாறே அல்ல. எல்எஸ் ஹைஃபன் எல்லில் குழுவின் பெயரைப் பாருங்கள். சீரியல் போர்ட்டுக்கு உபுண்டுவிலும் டெபியனிலும் டயல்அவுட், ஆர்ச்சில் யுயுசிபி. உங்கள் பயனரை அந்தக் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். சிஎச்மாட் 777 வேண்டாம். கழற்றிச் செருகினால் போய்விடும், இருக்கும்வரை எல்லோருக்கும் திறந்தும் கிடக்கும்.

அறிகுறி: நேற்று எஸ்டிஏ, இன்று எஸ்டிபி

பெயர்கள் பதிவாகும் வரிசையில் கொடுக்கப்படுகின்றன. ப்ரோப்கள் இணையாக ஓடும்போது அந்த வரிசைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வட்டுகளை ஏற்றும் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் பெயருக்குப் பதில் மாறாத அடையாளமான யுயுஐடி எழுதுங்கள், சீரியல் போர்ட்டுக்கு /டெவ்/சீரியல்/பை-ஐடி பாதையைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: நீங்களே எழுதிய மாட்யூல் உள்ளே போக மறுக்கிறது

மாட்யூல் கோப்பை நேரடியாக ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளை சொல்வது பெரும்பாலும் அரைகுறை. முழுக் காரணம் டிமெஸ்ஜியின் கடைசி வரியில். மாட்யூல் வடிவம் தவறு என்றால் வேறு கெர்னல் பதிப்புக்குத் தொகுத்திருக்கிறீர்கள். சாவி நிராகரிக்கப்பட்டது என்றால் கையெழுத்தில்லாத மாட்யூலைத் தடுக்கும் செக்யூர் பூட். கையெழுத்திட்டு, மோக்யூடில் வழியாகச் சாவியைச் சேர்க்க வேண்டும். தெரியாத சிம்பல் என்றால் சார்ந்திருக்கும் மாட்யூல் ஏறவில்லை, அல்லது லைசன்ஸ் வரியில் ஜிபிஎல் என்று எழுத விட்டுப்போயிருக்கிறது.

சாதனம் பிஸி என்று வந்தால் இரண்டில் ஒன்று. டிரைவர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்ற வரி டிமெஸ்ஜியில் இருந்தால், அதே பஸ்ஸில் அதே பெயரில் இன்னொன்று இருக்கிறது; பெயரை மாற்றுங்கள். அந்த வரி இல்லையென்றால் நீங்கள் கையால் எழுதிய மேஜர் எண் வேறொருவருக்குச் சொந்தம். எண்ணை நீங்கள் தேர்ந்தெடுக்காமல் அலாக்_சிஎச்ஆர்டெவ்_ரீஜன் மூலம் கெர்னலிடமே கேட்டு வாங்குங்கள். முந்தைய சோதனையில் மாட்யூலை நீக்கும்போது எண்ணைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டிருந்தால், மாட்யூல் போன பிறகும் அதன் பெயர் /ப்ராக்/டிவைசஸில் நிற்கும். அதற்கு ரீபூட் ஒன்றுதான் வழி.

பழைய பாடங்களைப் பார்த்து எழுதியவர்களுக்குத் தொகுக்கும்போதே கிளாஸ்_கிரியேட் வரியில் பிழை வருகிறதா? 2023 ஜூனில் வந்த 6.4 கெர்னலில் அந்தச் செயல்கூறின் முதல் உள்ளீடான திஸ்_மாட்யூலை எடுத்துவிட்டார்கள். இப்போது பெயர் மட்டும் கொடுத்தால் போதும்.

இன்ஸ்மாட் சத்தமின்றி வெற்றி, ஆனால் ப்ரோப்பில் நீங்கள் போட்ட அச்சுவரி வரவே இல்லை என்றால், பிளாட்ஃபார்ம் டிரைவர் எழுதுபவர்கள் டிவைஸ் ட்ரீயில் உள்ள கம்பாட்டிபிள் சரத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரு காற்புள்ளியின் இடத்தில் ஹைஃபன் இருந்தாலும் பஸ்ஸுக்குப் பொருத்தம் கிடையாது. டிரைவர் பதிவாகி, பிழை எதுவும் சொல்லாமல் காத்துக்கொண்டே இருக்கும்.